லசான்யாவைச் சூடாக்கிய சிஸ்டர் டோரிஸ்

ஆரிகன், திங்கட்கிழமை

அன்புள்ள ஆர்லன்,

சனிக்கிழமை சபை விருந்தில் இருந்தவர்கள்: பாஸ்டர் ஹாஸ்கெல், அவர் மனைவி, சிஸ்டர் டோரிஸ், முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் லுவானா, பதினோரு பிள்ளைகள், நான். கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி?

நாற்பது நாள் அடுப்பில் வைக்காததையே சாப்பிடுவதாக நாம் இருவரும் பொருத்தனை செய்தோமே, அன்று இருபத்தாறாம் நாள். சுக்கினிக் காயை மெல்லிய பட்டையாகச் சீவி, உப்புப் போட்டுப் பிழிந்து, இரவெல்லாம் ஊறிய முந்திரியை அரைத்துப் பூசி, தக்காளி அடுக்கி, மாவுப் பட்டைகளை அடுக்கி வேகவைக்கும் லசான்யாவை வேகவைக்காமலே செய்து கொண்டுபோனேன். ஜெபம் முடிந்து கண் திறந்தால் தட்டைக் காணோம்.

"ஜில்லுனு கெடந்துச்சு வெர்லா, ஓவன்ல வெச்சுட்டேன்," என்றார் சிஸ்டர் டோரிஸ்.

"ஐயோ சிஸ்டர், அது வேகவே கூடாது!"

"கர்த்தர் மனசைத்தான் பாப்பாரு, ஓவனை இல்ல. சாப்பிடுடி."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்த மணம் என்னை இழுத்தது உண்மை. ஆனாலும் தொடவில்லை. இரண்டு ஆப்பிளும் ஒரு கேரட்டும் தின்றேன். இனி மூடியில் பெரிதாக எழுதி ஒட்டுவேன். பையில் எப்போதும் ஊறவைத்த பாதாம் இருக்கும். நீங்களும் ஓட்டும் லாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயறு முளைகட்டும் ஜாடியின் வலைமூடியை அனுப்புங்கள். உங்கள் பழைய கம்பளிச் சட்டையையும் சேர்த்து வையுங்கள், துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிறது. நீங்கள் இன்னும் பொருத்தனையில் நிற்கிறீர்களா? தவறியிருந்தால் மறைக்காதீர்கள், நானும் உங்களோடு முதல் நாளிலிருந்து தொடங்குகிறேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

வெர்லா