பண்டிகைக்கு இரண்டு நூல்

பாய்,

இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானமே வேலையை முடித்துக்கொண்டு தியாகராய நகரில் ஒரு தையல்கடைக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததுமே, ஈரத்துணி மேல் கரி இஸ்திரிப் பெட்டி ஓடும் அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் கடை வாசனை வேறொருவர் கடையில் வந்தால் எனக்கு ஏன் கோபம் வர வேண்டும்? வந்தது.

என் கையில் இருந்தது நீங்கள் தைத்த கறுப்பு அல்பாகா கம்பளிக் கோட்டு. அதைப் பிரித்து அகலமாக்கித் தரச் சொல்லத்தான் போயிருந்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? நடுப்பொத்தானைப் போட்டால் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. துக்கம் வந்தால் சிலருக்குச் சோறு இறங்காது. எனக்கு இரண்டு பங்கு இறங்குகிறது.

கடைக்காரர் கோட்டைத் திருப்பிப் போட்டு, கத்திரி முனையால் உள்துணியைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து என் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து வயதில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தவர். அவர் உடம்பும் என் உடம்பும் ஒரே வார்ப்பு. இது உங்களுக்கு நான் நூறு தடவை சொன்ன கதை.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கவில்லை. எனக்கு நாற்பத்தொரு வயது. மயிலாப்பூரில் வக்கீல் குமாஸ்தா. வருஷத்துக்கு இரண்டு தரம் கோட்டை உங்கள் லஸ் கடையில் போடுவேன். இஸ்திரி போட்டு, பொத்தான் தைத்துத் தருவீர்கள். ஒவ்வொரு தடவையும் அது அளவெடுத்த மாதிரி இருக்கும். "பார், பத்து வருஷமாகக் கோட்டு அப்படியே இருக்கு, நானும் அப்படியே இருக்கேன்" என்று வீட்டில் மார்தட்டுவேன். "கோட்டு இருக்கட்டும், நாலு படி ஏறினா இன்னாத்துக்கு இப்படி இரைக்குது?" என்பாள் என் வீட்டுக்காரி.

கோபாலபுரத்து டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஒன்றரை மணங்கு இறங்கணும். இல்லையென்றால் உங்கள் அப்பா போன வழிதான்" என்றார். ஒன்றரை மணங்கு என்றால் ஒரு நாலு வயதுப் பையன் கனம்! எடை பார்க்க அவரிடம் தராசு இல்லை. விறகுத்தொட்டிக்குப் போனேன். சவுக்குக் கட்டை நிறுக்கிற தட்டில் என்னை உட்கார வைத்து, எதிர்த்தட்டில் எடைக்கல்லாகப் போட்டுக்கொண்டே போனான் தொட்டிக்காரன். "எட்டு மணங்கு கீது சார்! கட்டையா இருந்தா ரெண்டு மாசம் அடுப்பெரியும்!" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நேரே உங்களிடம் வந்து, "என் கோட்டுக்கு மட்டும் எப்படிப் பாய் எட்டு மணங்கு தெரியவில்லை?" என்று கேட்டேன். நீங்கள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றீர்கள்.

"நான்தான் சார் பண்ணேன். ஒவ்வொரு தபாவும் மடிப்புல இருக்கிற துணிய ஒரு நூல், ரெண்டு நூல் பிரிச்சு வுட்டுக்கினே வந்தேன். நீ பெருத்துட்டேன்னு வாடிக்கைக்காரர் மூஞ்சில சொல்றது தையக்காரனுக்கு மரியாதை இல்ல சார்."

எட்டு நூல் ஓர் அங்குலம். மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். மூன்றரை அங்குலம் என்றீர்கள், தரையைப் பார்த்துக்கொண்டு. மரியாதையாம் மரியாதை! என்னைக் குழிக்குள் இறக்குகிற மரியாதை! அன்று உங்களை என்னவெல்லாம் திட்டினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. நடுவில் நீங்கள் எனக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டது மட்டும் மறக்கவில்லை.

பிறகு நான் வீராப்பாகப் பட்டினி கிடந்தேன். கஞ்சியும் மோரும். இனிப்பு என்ற பேச்சே வீட்டில் கூடாது. பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் எங்கள் வக்கீலின் கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். இலையில் விழுந்த ஒரு ஜாங்கிரியை விண்டு வாயில் போட்டதுதான் தெரியும். எட்டு ஜாங்கிரி தின்று முடித்தபோது பரிமாறுகிறவரே தயங்கி நின்றார். அன்று சாயங்காலம் உங்கள் கடைக்கு வந்து, "எல்லாம் முடிந்தது பாய். இன்னும் பிரிக்க முடியுமானால் பிரித்து விட்டுவிடுங்கள்" என்று கோட்டை வீசினேன்.

"இன்னா சார் முடிஞ்சி போச்சு? ஒரு இடத்துல தையல் வுட்டா, அந்த இடத்தத்தான் தைப்பாங்க. கோட்டையே கெடாசிடுவாங்களா?"

அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சுண்ணக்கட்டியை எடுத்து, கோட்டின் உட்புறம் ஒரு கோடு போட்டீர்கள். இனிமேல் பிரிப்பதில்லை, உள்ளே தள்ளித் தைப்பதுதான் என்றீர்கள். ஒரு நூல் மட்டும் தள்ளித் தைத்தீர்கள். அது உடம்பில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் அடுத்த நூல். அப்புறம் வெள்ளிக்கிழமை ஏற்பாடு. உங்கள் வீட்டம்மா ரவையும் பாலும் நெய்யும் போட்டுச் செய்த தம்ரூட், இரண்டு விரல் கனத்தில் ஆளுக்கு ஒரு துண்டு, வாழைச்சருகில் சுருட்டி உங்கள் சட்டைப்பையில் இருக்கும். லஸ்ஸிலிருந்து அடையாற்றுப் பாலம் வரைக்கும் நடை. பாலம் வருகிற வரைக்கும் அது உங்கள் பையை விட்டு வெளியே வராது.

நடுவழியில் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! பாலத்தில் என் துண்டை முடித்துவிட்டு உங்கள் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். "மொதத் துண்டு நாக்குக்கு சார். ரெண்டாவது துண்டு நாக்குக்குத் தெரியவே தெரியாது, வயித்துக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, என் கண்ணெதிரே நிதானமாகத் தின்பீர்கள். படுபாவி என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். நோன்பு மாதத்தில் மட்டும் அந்த வாய் எனக்கு எழவில்லை. பச்சைத் தண்ணீர் படாத வாயோடு என்னோடு நடந்து வந்து, பொழுது சாய்ந்த பிறகு அதே பாலத்தில் ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தீர்கள். உங்கள் முன்னால் நான் எந்த முகத்தோடு கேட்பேன்?

தீபாவளி வந்தபோது நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "பண்டிகைக்கு ரெண்டு நூல் வுட்டு வெச்சிருக்கேன் சார். பெருநாளுக்கு எங்க வூட்ல, தீபாவளிக்கு உங்க வூட்ல, நல்லா துன்னுங்க. அத்த தாண்டினீங்கன்னாதான் நமக்குள்ள தகராறு." இனிப்பைத் தின்றுவிட்டுக் குற்றவாளி மாதிரி முழிக்காமல் இருந்தது, என் வயதில் அதுதான் முதல் தீபாவளி.

இரண்டு வருஷம் பிடித்தது. விறகுத்தொட்டிக்காரன் ஆறரை மணங்கு நிறுத்துவிட்டு, "இன்னா சார், ஒடம்புக்கு நோவா?" என்று விசாரித்தான். நாற்பத்தைந்து வயது முடிந்து நாற்பத்தாறு பிறந்த அன்று என் வீட்டுக்காரி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, உங்கள் வீட்டுக்குத் தூக்கு நிறையப் பாயசம் கொடுத்து அனுப்பினாள். அளவு நாடா மாதிரி ஒல்லியாக இருந்த நீங்கள் மூன்று நாள் காய்ச்சலில் போவீர்கள் என்று யார் நினைத்தோம்?

அதற்குப் பிறகும் உங்கள் வீட்டம்மா வெள்ளிதோறும் ஒரு துண்டு அனுப்புகிறார். நடக்க மனமில்லாமல் அதை வாசற்படியிலேயே நின்று தின்றேன். தின்றுவிட்டு, காபி கிளப்புக்குப் போய் நாலு ஜாங்கிரியும் தின்றேன். இந்த ஏழு மாதக் கதை இவ்வளவுதான்.

இன்று கடைக்காரர் தலையை நிமிர்த்தி, "யார் சார் தச்சது இது?" என்று கேட்டார். சொன்னேன்.

"மடிப்புல இருக்கிற துணிய எந்தத் தையக்காரனும் வெட்ட மாட்டான் சார். நாளைக்கு ஆள் பெருத்தா பிரிச்சு வுட வேணாமா? இவரு ஒட்ட வெட்டிட்டுக் கீறாரு. பிரிக்கத் துணியே இல்ல. ரெண்டு பக்கமும் ரெண்டே ரெண்டு நூல்தான் கீது. அத்த வேணா பிரிச்சு வுடட்டுமா?"

பெஞ்சிலிருந்து எழுந்து போய் அந்த வெட்டைத் தடவிப் பார்த்தேன். கடைசியாக அளவெடுத்த அன்று, "இனிமே கவலை இல்ல சார்" என்று நீங்கள் சொன்னதை வெறும் உபசாரம் என்று நினைத்திருந்தேன். மரியாதை பார்த்து மூன்றரை அங்குலம் பிரித்த மனுஷன், அதே மரியாதையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்திரியை எடுத்திருக்கிறார்!

"வேண்டாம். அது பண்டிகைக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உள்துணியை மூடித் தைக்கச் சொல்லி வாங்கி மாட்டிக்கொண்டு, அங்கிருந்தே பாலத்துக்கு நடந்தேன். ஏழு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எந்த இடத்தில் இறங்கியது என்று தெரியவில்லை. பாலத்துக்கு வந்தபோது அது இல்லை. இனி இந்த வயிற்றை நான் தனியாகக் காவல் காக்க வேண்டியதில்லை, பாய். உங்கள் வீட்டம்மா காலையில் கொடுத்த பொட்டலத்தை அங்கேதான் பிரித்தேன். ஒரு துண்டு. நாக்குக்குத் தெரிந்தது.

நடுப்பொத்தான் இன்னும் இழுக்கிறது. தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கிறது. அதற்குள் அது சரியாக உட்கார்ந்துவிடும்.