லெமோனியா கடையில் தட்டு தீர்ந்த ஞாயிறு

வோலோஸ்,
திங்கட்கிழமை காலை

அன்பு மகள் அமெர்சாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம், என் வயிறு மட்டும் நேற்று மத்தியானத்திலிருந்து என்னோடு பேசுவதில்லை. நீ மெல்போர்னில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாமல், சொன்ன பேச்சு கேட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றாலும் நினைப்பதைக் கெடுக்காதே. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், கதையின் வாலை முதலில் சொல்லிவிட்டுத் தலையைத் தேடுவாள். அதனால்தான் அவள் சந்தைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துக் கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன், படகுக்குப் பெயின்ட் வாங்க வருகிறவன் கொஞ்சம் காத்திருக்கட்டும். சேதி பெரிய சேதி. ஆனால் வரிசையாகத்தான் வரும், கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

உன் தம்பி ஃபோட்டிஸும் ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்மாரோவும் விரும்புகிற விஷயம் உனக்குத் தெரியும். தெரியாதது, ஸ்மாரோவின் அப்பா போட்ட நிபந்தனை. மனிதர் பெயர் ஸ்டெர்யோஸ், பிந்தோஸ் மலையில் ஆட்டுப்பாலில் சீஸ் போடுகிறவர், ஆள் பார்க்கத் தேவதாரு மரத்துக்குக் கோட்டு மாட்டினமாதிரி. அவர் மகளிடம் சொன்னாராம், "பையன் நல்லவன்னு நீ சொல்ற, நீ அப்படித்தான் சொல்லுவ. நான் வந்து அவங்களோட ஒரு வேளை உக்காந்து சாப்பிடறேன். மனுசங்க எப்படின்னு சாப்பாட்டு மேசையில தெரிஞ்சுபோகும். அப்புறம் சரின்னா சரி, இல்லைன்னா இல்லை." அவர் சரி சொல்லாமல் மோதிரம் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று ஸ்மாரோவும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஃபோட்டிஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சவரம் செய்ய ஆரம்பித்தான், கன்னத்தில் தோல் மிஞ்சுமா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. உன் அம்மாவுக்கு வேறு கவலை. அவள் கவலைக்குப் பெயர் பான்டெலிஸ், அதாவது நான். சனிக்கிழமை ராத்திரி என்னைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, விரலை நீட்டி, "நாளைக்கு உங்க வாய் திறந்தா உள்ள ஏதாவது போகணும், வெளிய ஒண்ணும் வரக்கூடாது. ஒரு ஜோக், ஒரே ஒரு ஜோக் அடிச்சீங்க, பையன் கல்யாணம் நின்னுபோச்சுன்னு அர்த்தம்" என்றாள். மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். என்னிடம் சிரிப்பு மூட்டாதே என்று சொல்வது நாயிடம் குரைக்காதே என்று சொல்வதுதான், ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே.

எங்கே சாப்பிடுவது என்பதில் சண்டை இல்லை, நம் தெருக்கோடி லெமோனியா கடைதான். உன் முதல் பல் விழுந்தபோது மேஜைக்கடியில் தவழ்ந்து தேடிக்கொடுத்தாளே, அதே லெமோனியாதான், இடுப்பு அகலமாகிவிட்டது, நாக்கு பழைய நீளமேதான். அவள் கடையில் இன்னது வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் எழுந்து போகச் சொல்வாள். சிப்புரோ கேட்க வேண்டும், அந்தச் சாராயம் சின்னப் பாட்டிலில் வரும், கூடவே ஒரு தட்டு வரும். பாட்டில் காலியானால் அடுத்த சுற்று, அதோடு முந்தினதைவிட ஒரு படி மேலான தட்டு. ஒரு மேஜைக்கு ஒரே தட்டு இரண்டாம் தடவை போனால் லெமோனியாவுக்கு மானம் போய்விடும். தெரிந்த கதையை அப்பா எனக்கு ஏன் சொல்கிறார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது மகளே, இதை அந்த மலைக்காரர்களுக்கு எங்களில் ஒருவரும் சொல்லவில்லை! ஸ்மாரோ சொல்லியிருப்பாள் என்று ஃபோட்டிஸ் நினைத்தான், ஃபோட்டிஸ் சொல்லியிருப்பான் என்று ஸ்மாரோ நினைத்தாள், என் வாய்க்கோ பூட்டு. வோலோஸில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகவே தோன்றாது, அதுதான் வினை.

வந்தார்கள். ஸ்மாரோவோடு ஸ்டெர்யோஸ், அவர் மனைவி வாசோ, கையில் துணி சுற்றிய ஒரு சீஸ் உருண்டை, அதை லெமோனியா வாங்கி முகர்ந்து பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினாள், அவள் பாதிரியாருக்குக்கூட அப்படி ஆட்டினதில்லை. வாசலில் கடலைப் பார்த்த மேஜை. சோம்பு போட்டதா போடாததா என்று லெமோனியா கேட்டாள், "போடாதது" என்றார் ஸ்டெர்யோஸ், அன்றைக்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அவர் பேசின ஒரே வார்த்தை அதுதான். முதல் சுற்றில் நெத்திலி ஊறவைத்ததும் மலைத்தளிர் ஊறுகாயும் வந்தன. அவர் குடித்தார், நானும் குடித்தேன், தட்டு காலி. அடுத்தது சிப்பி. சிப்பியை அவர் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பி, பூட்டுக்குச் சாவி எங்கே என்பதுபோலப் பார்த்தார், என் நாக்கு நுனிவரை ஒரு அருமையான ஜோக் வந்துவிட்டது அமெர்சா, மேஜைக்கடியில் உன் அம்மாவின் குதிகால் என் கணுக்காலில் இறங்கியது, ஜோக்கைச் சிப்பியோடு சேர்த்து விழுங்கினேன். அப்புறம் கணவாய் வறுவல், அப்புறம் இறால், ஓட்டோடு. அவர் ஓட்டை உரிக்கவில்லை, இறாலின் மீசையோடு சேர்த்து மென்றார், முகத்தில் ஒரு அசைவு இல்லை. ஆக்டோபஸ் வந்தபோது மட்டும் அதன் காலில் இருக்கிற உறிஞ்சு வட்டங்களைப் பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு அதையும் சாப்பிட்டார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மனுஷன் என்னை அளந்து பார்க்கிறார் என்று தோன்றியது. விருந்தாளி கிளாஸ் காலியாக இருக்கும்போது நான் போதும் என்றால் எழுந்து வீட்டுக்குப் போ என்று சொன்னமாதிரி, அதனால் லெமோனியாவுக்குக் கையைத் தூக்கினேன். கிளாஸ் நிறைந்தது, அவர் குடித்தார். நான் மறுபடி தூக்கினேன். பெண்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள், பிள்ளைகள் இரண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வெளிறிக்கொண்டிருந்தன. டாக்டர் என் கீல்வாதத்துக்காகக் கடல் சாமானையும் சாராயத்தையும் சேர்த்துத் தடை போட்டிருப்பது உனக்குத் தெரியும், என் கால் கட்டைவிரல் ஷூவுக்குள் தனியாக ஒரு விருந்து நடத்திக்கொண்டிருந்தது. உன் அம்மா என் காதில், "நிறுத்துங்களேன், விரல் பலூனாயிடப்போகுது" என்றாள். "அவர் நிறுத்தட்டும், நான் நிறுத்தறேன்" என்றேன். அந்தப் பக்கம் வாசோவும் புருஷன் காதில் ஏதோ சொல்வதும் அவர் தலையை இல்லை என்று ஆட்டுவதும் தெரிந்தது, என்ன பிடிவாதம் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டது நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று நினைக்காதே. உள்ளே அடுப்படியில் லெமோனியாவுக்குச் சரக்கு தீர்ந்துகொண்டிருந்தது. கடல் முள்ளெலியை உடைத்துக் கொடுத்தாள், நண்டு வந்தது, மையோடு வேகவைத்த கணவாய் வந்தது, ஸ்டெர்யோஸின் பல் எல்லாம் கறுத்து அப்போதும் அவர் சிரிக்கவில்லை. அதற்குமேல் எங்களுக்கு வைக்காத தட்டே அவளிடம் இல்லை. புருஷனைப் படகுத்துறைக்கு ஓடவிட்டாள், அவர் வெறுங்கையோடு திரும்பினார், ஞாயிற்றுக்கிழமை யார் மீன் பிடிப்பார்கள். பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், உன் பழைய கணக்கு டீச்சர் உட்பட. லெமோனியா என் பின்னால் வந்து குனிந்து, "பான்டெலிஸ், உனக்கு ஏதாவது வேண்டுதலா? என் கடையை ஏன்டா காலி பண்ற?" என்று பல்லைக் கடித்தாள். சத்தியத்தை நினைத்து ஒரு கணவாய்த் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெர்யோஸ் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கடலைப் பார்த்தபடியே கேட்டார், "உங்க மூத்த பொண்ணு ஆஸ்திரேலியாவிலயாமே. எங்க பெரியவ ஜெர்மனியில. நீங்க எப்படிங்க தாங்கறீங்க?" அமெர்சா, காலையிலிருந்து என் வாயில் நூறு ஜோக் வரிசையில் நின்றது, ஒவ்வொன்றையும் கெஞ்சித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டதும் வரிசையில் ஒன்றுகூட இல்லை. உன் அம்மா காலால் இடிக்கவும் இல்லை. கடைசியில், "கடிதம் எழுதறேன். அவளைச் சிரிக்க வைக்கிறமாதிரி எழுதறேன். சிரிச்சாளான்னு தெரியாது" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்தார். கிளாஸை எடுத்துக் காலி செய்தார். நானும் வேறு வழியில்லாமல் காலி செய்து கையைத் தூக்கினேன்.

லெமோனியா வந்தாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, கையில் ஒரு பழைய அலுமினியச் சட்டி. அவளும் புருஷனும் கடை மூடினபிறகு சாப்பிடுவதற்காக வைத்திருந்த வெள்ளை பீன்ஸ் சூப், கேரட் மிதக்கிற வெறும் வீட்டுச் சாப்பாடு. அதை நடு மேஜையில் வைத்துவிட்டு, நாற்பது வருஷத்தில் இல்லாத அவமானம் வந்துவிட்டதுபோல ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஸ்டெர்யோஸ் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மகளே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், மலை உச்சியில் வெயில் ஏறுகிறமாதிரி மீசையிலிருந்து நெற்றிவரை வெளிச்சம் ஏறியது. ரொட்டியைப் பிய்த்து முக்கி, ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடித் திறந்து, என் பக்கம் கையை நீட்டி, "சம்பந்தி, அந்த உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்றார்.

சம்பந்தி! உப்புக் கிண்ணத்தை எடுக்கிற என் கை அந்தரத்தில் நின்றது. ஸ்மாரோ வாயைப் பொத்திக்கொண்டாள், வாசோ கும்பிட்டாள், ஃபோட்டிஸ் ஒரே சமயத்தில் எழுந்து உட்கார்ந்து எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டான். உன் அம்மா ஓவென்று அழுதாள், சந்தோஷத்துக்கும் அவளுக்கு வேறு சத்தம் கிடையாது. ஸ்டெர்யோஸ் மட்டும் நிதானமாக, "உப்புங்க சம்பந்தி" என்றார் மறுபடியும்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. "கோவிச்சுக்காதீங்க, கடல்ல இருக்கற பூச்சி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சாப்பாடு எப்ப வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். "நீங்க போதும்னு சொல்லுவீங்கன்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். "நான் எப்படிச் சொல்றது, ஊத்தினா குடிக்கணும், வச்சா தின்னணும், விருந்துக்கு வந்தவன் இல்லையா? எங்க வீட்டுல கிளாஸ் நிமிர்ந்து நிக்கிற வரைக்கும் ஊத்துவோம். எங்க பெரியவ வந்து என் கிளாஸைக் கவிழ்த்து வச்சாத்தான் அன்னைக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அவ ஜெர்மனி போனதிலிருந்து கவிழ்க்க ஆளில்லை, அதனால நான் வீட்டுல ஆரம்பிக்கறதே இல்லை." ஸ்மாரோ தலையைக் குனிந்துகொண்டு, அது அக்காவோட வேலை, நான் தொடமாட்டேன் என்று மெல்லச் சொன்னாள். லெமோனியாதான், நீளக் கையை நடுவில் விட்டு, அவர் கிளாஸையும் என் கிளாஸையும் டொக் டொக் என்று கவிழ்த்து, "எந்த மகளும் வராட்டி நான் கவிழ்க்கறேன்! என் அடுப்புல இனி சாம்பல்தான் இருக்கு, எழுந்திருங்கடா ரெண்டு பேரும்!" என்றாள். தெருவே சிரித்தது. அவர் சிரித்தார், மை பிடித்த கறுப்புப் பல் எல்லாம் தெரியச் சிரித்தார், நான் சத்தியத்திலிருந்து விடுதலை வாங்கி அடக்கிவைத்த எல்லா ஜோக்கையும் வரிசையாக அவிழ்த்துவிட்டேன், சிப்பி ஜோக்குக்கு அவர் என் முதுகில் அறைந்த இடம் இன்னும் எரிகிறது. நடந்து வீட்டுக்கு வரும்போது இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டோம், அன்பினாலா நிற்க முடியாமலா என்று கேட்காதே.

இப்போது முக்கியமான இடம், கவனமாகப் படி. கல்யாணம் ஈஸ்டர் கழிந்து, அவர்கள் மலையில். ஸ்டெர்யோஸ் சொல்லிவிட்டார், நீங்க எனக்குக் கடலை ஊட்டினீங்க, நான் உங்களுக்கு மந்தையை ஊட்டறேன் என்று. விருந்துக்கு எந்தெந்த ஆடு என்று இப்போதே குறித்துவிட்டதாகக் கேள்வி. அங்கே லெமோனியா கிடையாது, அவர் சட்டிக்கு அடியும் கிடையாது, சுற்றிலும் அவருடைய அண்ணன் தம்பிகள், எல்லோரும் தேவதாரு மரங்கள், எல்லார் கையிலும் பாட்டில். ஜெர்மனியிலிருந்து அவருடைய பெரியவள் லீவு போட்டு வருகிறாளாம், நேற்றே போனில் சொல்லிவிட்டாள், அவருடைய கிளாஸைக் கவிழ்க்க ஆள் வந்தாயிற்று. என் கிளாஸ் நிமிர்ந்துதான் நிற்கும் அமெர்சா. உன் அம்மா கவிழ்த்தால் செல்லாதாம், மூத்த மகள்தான் கவிழ்க்க வேண்டுமாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டிக்கெட்டை இப்போதே பார், கடைசி நேரத்தில் பார்த்தால் விலை ஏறிவிடும். அம்மாவுக்கு அங்கே கிடைக்கிற கைவலிக் களிம்பு வாங்கி வா. மாதா உன்னைக் காக்கட்டும், கடல் உனக்கு வழி விடட்டும், உன் வயிறு என்னுடையதுபோல் இல்லாமல் இருக்கட்டும். இதைப் படித்துச் சிரித்தாயா என்று ஒரு வரி எழுது, சம்பந்தி கேட்பார்.

உன் அப்பா,
கட்டைவிரல் வீங்கிய பான்டெலிஸ்