ஊரைத் தாண்டி நின்ற டேங்கர்

என்னங்க,

இன்று காலை சிலிண்டர் மாற்றும்போது ஒரு நொடி கேஸ் நாற்றம் அடித்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, சுவிட்சைத் தொடாமல் வாசலில் வந்து நின்றேன். உங்கள் நினைப்பு வந்துவிட்டது. உங்களை நான் வேவு பார்த்த நினைப்பும்தான்.

பின்னே என்ன? பாடாலூரில் ரோட்டோரத்திலேயே நம் வீடு. லாரி ஓட்டுகிற மற்றவர்கள் எல்லாம் வண்டியை வாசலில் நிறுத்தி, சுடுசோறு சாப்பிட்டு, பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போவார்கள். நீங்கள் மட்டும் கேஸ் டேங்கரோடு நிற்காமல் போவீர்கள். கை காட்டுவதோடு சரி. கேட்டால், "தாண்டிப் போயி சாப்புட்டுக்குறேன்" என்பீர்கள். எதிர்வீட்டு அக்கா, "வூடு இங்க இருக்கையில, அங்க யாரு சோறு போடுறா?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் கேள்வி.

ஒரு நாள் மதியம் உங்கள் வண்டி போனதும் பின்னாலேயே பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். வழியில் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனேன். வீடுகளெல்லாம் முடிந்து வெறும் கரம்பு நிலம் வந்த இடத்தில் டேங்கர் தனியாக நின்றது. கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கினேன். கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் ஓட்டல் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"யாரத் தேடுற புள்ள?"

மரத்துக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தேன்.

நீங்கள் கோபப்படவில்லை. டேங்கரைக் காட்டி, "இது கசிஞ்சா ஒரு அடுப்பு போதும், தெருவே போயிரும். நம்ம தெருவுல எத்தன அடுப்பு எரியுது?" என்றீர்கள். அப்போதும் நான் நம்பவில்லை. உங்கள் புளிச்சோற்றில் ஒரு வாய் எடுத்துத் தின்றேன். உப்பே இல்லை. ஒருத்தி ஆசையாக ஆக்கிய சோறு அது இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் போன் பண்ணினால் போதும், தூக்குவாளியோடு பஸ் ஏறிவிடுவேன். அந்த மரத்தடியில் பேசிய அளவு நாம் வீட்டில் பேசியதில்லை. கடைசியில் டேங்கர் உங்களை ஒன்றும் செய்யவில்லை. நெஞ்சுவலிதான் கொண்டுபோய்விட்டது.

சந்தேகம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. எந்த டேங்கர் தெருவில் நின்றாலும் போய், "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்கிறேன். போன வாரம், பக்கத்துச் சந்தில் புதிதாகக் குடிவந்த டிரைவர், "காலி வண்டிதாங்க" என்றான். காலி டேங்கரிலும் கேஸ் மிச்சம் இருக்கும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். வண்டி நகரும்வரை நான் நகரவில்லை. முனகிக்கொண்டே எடுத்துப் போனான். தட்டில் சோறு போட்டு வைத்திருந்த அவன் பெண்டாட்டி என்னை முறைத்தாள்.

"தூக்குல போட்டுக்கிட்டு அடுத்த பஸ்ல போம்மா" என்றேன். "ஆளு இருக்கையிலயே கூட உக்காந்து சாப்புட்டுட்டு வா."