கந்தையா என் அப்பா அல்ல

அப்பா,

மோடம் கீச்சிட்டு டெலிபோன் லைனால் இணையத்தோடு சேரும்போதெல்லாம் நீங்கள் கதவடியில் வந்து நிற்பது போலவே இருக்கிறது. "பிள்ளை, டெலிபோனை விடு. ஊரிலயிருந்து ஆரும் எடுத்தா என்ன செய்யிறது?"

அன்றும் அப்படித்தான் வந்தீர்கள். நான் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அப்பா, ஓடி வாங்கோ! வேல்ஸிலயும் எங்கள மாதிரி ஆக்கள் இருக்கினம்!"

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து குந்தினீர்கள். இரண்டு கிழமையாக நானே துழாவிச் சேர்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அங்கே முந்திக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஹவெலின் மகன் ரீஸ் என்றால், 'ரீஸ் அப் ஹவெல்'. 'அப்' என்றால் மகன். ரீஸுக்குப் பிள்ளை பிறந்தால் அது ரீஸின் பெயரோடு வளரும். பிறகு ஆங்கிலேயரின் பதிவேடுகள் வந்தன. ஏதோ ஒரு தலைமுறைத் தகப்பனின் பெயர் அப்படியே உறைந்துபோனது. அப் ஹவெல் பவெல் ஆனார், அப் ரீஸ் பிரைஸ் ஆனார். என்றோ வாழ்ந்த ஒரு ஜோனின் பரம்பரை இன்றைக்கும் ஜோன்ஸ்.

நீங்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "அப்ப அவங்களுக்கும் ஒரு கந்தையா அம்பிட்டிருக்கிறார்!"

நமக்கு அவர் அம்பிட்டது அகதி விண்ணப்ப மேசையில். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். ஊர் வழக்கத்தில் முன்னால் எழுதும் தகப்பன் பெயரைக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து ஜெர்மனிக்கு நீங்கள் ஹெர் கந்தையா, அதாவது திருவாளர் கந்தையா. இங்கே பிறந்த நானும் கந்தையா. ஊரில் என்றால் என் பெயருக்கு முன்னால் நீங்கள் இருந்திருப்பீர்கள். இங்கே நான் ஒருநாளும் காணாத தாத்தா நிற்கிறார்.

தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் "ஹெர் கந்தையா!" என்று கத்தினால் நீங்கள் திரும்பவே மாட்டீர்கள். அவர் கோபத்தோடு கிட்ட வந்தபோது நீங்கள் சொன்னதை, கூட வேலை செய்த அன்ரன் மாமா உங்கள் செத்தவீட்டிலும் சொல்லிச் சிரித்தார்: "அவர் யாழ்ப்பாணத்தில இருக்கிறார். அலுவலெண்டா அங்க எடுத்துக் கேளுங்கோ."

போன மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். டோர்ட்மண்ட் மயானத்துப் பலகையிலும் கந்தையாதான் பெரிய எழுத்தில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த கிழமையே, என் குடும்பப் பெயரை உங்கள் பெயராக மாற்றக் கேட்டு விண்ணப்பம் போட்டேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா. "மனிசன் போயிட்டுது. இனிப் பேருக்கு என்ன சண்டை?"

"போனபடியாத்தான் அம்மா."

அலுவலகத்துப் பெண் தன்மையாகத்தான் பேசினார். "உங்கள் அப்பாவே இந்தப் பெயரோடுதானே வாழ்ந்தார்?" என்று கேட்டார். "இல்லை, அந்தப் பெயருக்கு அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். நேற்றுக் கடிதம் வந்தது: முக்கியமான காரணம் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம்.

ஒரு மாதம் எதற்கு? இன்றே மூன்று பக்கம் எழுதிவிட்டேன், ரீஸையும் ஹவெலையும் விடவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தார். "வேல்ஸ்காரரே தோத்துப்போச்சினம் எண்டாய். நீ வெல்லப்போறியே?"

"தோக்கேல்லை. இப்ப அங்க கொஞ்சப்பேர் திரும்பவும் 'அப்' போடத் தொடங்கியிட்டினம்."

"கொப்பரின்ர அதே பிடிவாதம்," என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பேனையை எடுத்துத் தந்தது அவர்தான்.

அவர்கள் மறுக்கட்டும். நான் இன்னொன்று எழுதுவேன், அதற்குப் பிறகும் எழுதுவேன். கடிதத்தின் தலைப்பில் கந்தையா என்று அடித்துத்தான் ஆகவேண்டும், சட்டம் அது. கையெழுத்து என்னுடையது. யோகலிங்கம் என்று எழுதி, அதற்குப் பின்னால் என் பெயரை எழுதினேன்.