கூப்பிட ஒரு பேர் இல்லாத காலனி

சங்கரன்கோவில்
14-6-1983

அன்பு மகன் ராமசுப்புவுக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மருமகளும் குழந்தையும் நன்றாயிருக்க கோமதி அம்பாளை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. புது வீட்டில் சந்தோஷமா, சந்தோஷமா என்று மூன்று கடிதத்திலும் கேட்டுவிட்டாய். குழாயில் தண்ணீர் வருகிறது, ஃபேன் சுற்றுகிறது, மொசைக் தரை பளபளவென்று இருக்கிறது. அந்தத் தரையில்தான் போன செவ்வாய்க்கிழமை அப்பா வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார்கள். தூக்க எனக்குத் தெம்பு ஏது. வாசலுக்கு ஓடினேன், யாரைக் கூப்பிட? பழைய தெருவில் பக்கத்து வீட்டுத் தங்கப்பழத்தைப் பேர் சொல்லி ஒரு குரல் கொடுத்தால் நாலு வீட்டு ஆம்பிளைகள் வந்து நிற்பார்கள். இங்கே ஐந்து மாதமாகக் குடியிருந்தும் கூப்பிட ஒரு பேர் தெரியாது. யாராவது வாங்களேன் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், எதிர்வீட்டு ரேடியோ அது பாட்டுக்குப் பாடுகிறது, ஒரு கேட்டும் திறக்கவில்லை. கடைசியில் பின்வீட்டிலிருந்து ஒரு பொம்பளை கையில் ஒட்டின மாவோடு தெருவைச் சுற்றி ஓடி வந்தாள். "பதறாதீங்கம்மா, நான் ஜுலைகா பீவி" என்றவள், நேரே ரோட்டுக்குப் போய்ப் புளியங்குடி பஸ்ஸை நடுவில் நின்று மறித்துவிட்டாள். டிரைவர் சத்தம் போட்டதற்கு, "ஏன் கத்துதீரு, ஒரு பெரிய மனுசர் எந்திரிக்க முடியாமக் கெடக்காவ, எறங்கி வாரும்" என்றாளாம். அவரும் கண்டக்டரும் அப்பாவைத் தூக்கிப் போய்ப் பஸ்ஸில் எலுமிச்சை மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டாயிற்று, ஆறு வாரம் நடக்கக் கூடாது.

வீடு திரும்பிய மறுநாளும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. காலனியில் உள்ள ஒன்பது வீட்டுக் கேட்டையும் போய்த் தட்டினேன். எதிர்வீட்டு சார் என்ன வேணும் என்றார். "ஒங்க பேரு வேணும்" என்றேன். திருதிருவென்று விழித்துவிட்டு, சங்கரலிங்கம் என்றார், அன்றைக்குக் காதில் விழவே இல்லையம்மா என்று அழாத குறை. இப்போது தினமும் சாயங்காலம் வந்து அப்பாவோடு அரட்டை. அப்பா சிரிக்கிற சத்தத்தை இந்த வீட்டில் இப்போதுதான் கேட்கிறேன்.

இதற்கு நடுவில் உன் கடிதம் வருகிறது, திருட்டுப் பயம், காம்பவுண்டுச் சுவரை இரண்டடி உயர்த்துங்கள் என்று. படித்துப் பட்டம் வாங்கி என்னடா பிரயோசனம்? கொத்தனாரை வரச் சொன்னேன், உயர்த்த அல்ல, பின்சுவரை இடித்து ஜுலைகா பீவி வீட்டுக்கு ஒரு வழி விட. அவள் வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். உன் பணத்தில் கட்டின சுவர்தான், கோபப்படுவதானால் பட்டுக்கொள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட மறக்காதே. ஆடித்தபசுக்கு லீவு சொல்லிவிட்டு வா. வந்ததும் பெட்டியோடு நேரே வீட்டுக்குள் நுழைந்துவிடாதே, ஒவ்வொரு வாசலிலும் நின்று நீ யார் என்று சொல்லிவிட்டு வா.

இப்படிக்கு,
உனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அம்மா
கோமதியம்மாள்