லேப்டாப்பைக் கொடுக்க மாட்டேன்

ஜூன் 10, 2025
அண்ணன் மரியஅந்தோணி வந்தார். என் மகள் ஜெனிதாவின் முப்பதாம் நாள் பூசைக்குள் அவள் சாமான்களை அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். எங்கள் வீட்டு வழக்கம். துணி, செருப்பு, சைக்கிள் போகட்டும். லேப்டாப்பையும் காந்திபுரத்துக் கடையில் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்றார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெற்றவள் நான்.

ஜூன் 12
நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். சோறு தின்றுகொண்டே சொல்வாள். கம்ப்யூட்டர் மொழி ஒன்று, அதை ஓட்ட விர்ச்சுவல் மெஷின் என்று ஒன்று. செய்யும் வேலை ஒவ்வொன்றும் ஒரு ஃபங்ஷன். அதன் பெயர், அதற்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்கிற விவரத்தையெல்லாம் அந்த மெஷின் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறது. “ஒண்ணை மாத்துனா இன்னொண்ணு பழசாவே நிக்குதும்மா. அதை எடுத்துப்போடோணும்.”
பாதி எடுத்திருந்தாள். அதற்குள் அவிநாசி ரோட்டில் அந்த லாரி—

ஜூன் 13
ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூன் 15
அவளோடு வேலை செய்த ஹுமேராவை வரச் சொன்னேன். திறந்து பார்த்தாள். ஜெனிதா எழுதியதை எங்கேயும் அனுப்பவில்லையாம், எல்லாம் இதில் மட்டும்தானாம். “அழிச்சிருந்தா அவ்வளவுதானுங்கம்மா.” நல்லவேளை, பிடிவாதமாக நின்றேன்.

ஜூன் 19
ஹுமேரா வந்தாள். பழைய பிரதியை எடுத்தால், தப்பு நடக்கும்போது மெஷின் காட்டும் பிழைச் செய்தியில் ஃபங்ஷன் பெயரே வருவதில்லையாம். அவர்கள் ஆபீசில் மேலே இருப்பவர் இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். அதெப்படி விடுவது?
“அவிங்க சொன்னா உட்டுப்போடுவியா கண்ணு? எம்புள்ள எடுக்கோணும்னுதானே சொன்னா. எடுத்துக் குடு.”
“நீங்க எங்க ஆபீசுக்கு வந்தீங்கன்னா நாங்கெல்லாம் ஓடிப்போயிருவோமுங்க” என்று சிரித்தாள். ஆனால் உட்கார்ந்தாள்.

ஜூன் 22
அண்ணன் மறுபடியும். “ரெண்டா இருக்கறதை எடுக்கறதுதான் அவ வேலைன்னு நீயே சொல்றே. நீ மட்டும் எல்லாத்தையும் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கியே அம்மணி.”
“ரெண்டு இருந்தாத்தானுங்ண்ணா ஒண்ணை எடுக்கலாம். எம்புள்ள ஒண்ணுதானுங்க.”
காபியைக் குடிக்காமல் போய்விட்டார். போகட்டும்.

ஜூன் 26
ஹுமேரா போன் செய்தாள். பிழைச் செய்தி காட்டும் இடம் மட்டும் இன்னும் பழைய பிரதியையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அதைப் புதியதன் பக்கம் திருப்பிவிட்டதும் எல்லாச் சோதனையும் தேறிவிட்டதாம். மேலே இருப்பவரும் ஒத்துக்கொண்டு அந்த மெஷினில் சேர்த்துவிட்டார். ஜெனிதா பெயரிலேதான். திரும்பத் திரும்பக் கேட்டேன். அவளும் சலிக்காமல் சொன்னாள்.

ஜூன் 28
கருமத்தம்பட்டிக் கோயிலில் பூசை. சாமியார் அவள் பெயரை வாசித்தார். கடைசி பெஞ்சில் ஹுமேரா.
வீட்டில் அவளைக் கேட்டேன், ஜெனிதா எழுதியது இப்போது எங்கே இருக்கிறதென்று. அந்த மெஷினுக்குள்ளேயே போய்விட்டது, உலகத்தில் யார் ஓட்டினாலும் ஓடும் என்றாள்.
அப்படியென்றால் இங்கே லேப்டாப்பில் இருப்பதுதான் இரண்டாவது.
முந்தானையால் அதைத் துடைத்தேன். சார்ஜரைச் சுற்றி மேலே வைத்து அண்ணனிடம் நீட்டினேன். “அழிச்சே குடுங்கண்ணா.”
“இருக்கட்டும் அம்மணி, வெச்சுக்க” என்று அவர்தான் தயங்கினார்.
நான் நீட்டிய கையை மடக்கவில்லை.