ராயபுரத்து ரேடியோக்காரி

இன்று டோல்கேட்டில் ஏறிய ஷேர் ஆட்டோவில் அவள் குரல் கேட்டது. டிரைவர் தன் போனில் அவளுடைய இன்டர்நெட் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தான். "வணக்கம்பா, இன்னா சாப்ட்டீங்கோ?" என்று அவள் ஆரம்பித்ததுமே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தேரடி வரைக்கும் போக வேண்டியவள் பாதியிலேயே இறங்கிவிட்டேன். வெயிலில் நடந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அவள்மேல் எனக்குள்ள பொறாமை போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

பழைய கப்பல்களில் நீ இன்ஜினுக்கு எண்ணெய் போடும் ஆயிலராக இருந்தபோது, எங்காவது துறைமுகம் வந்தால்தான் உன் குரல் வரும். அந்த ஊர் சிம் கார்டை வாங்கிப் போட்டு அவசர அவசரமாகப் பேசுவாய். அதற்கு நான் பழகியிருந்தேன். பிறகு நீ ஏறிய புதுக் கப்பலில் சாட்டிலைட் இன்டர்நெட் இருந்தது. கரையே தெரியாத நடுக்கடலிலும் வைஃபை கிடைக்கும் என்று நீ சொன்னதும், அதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தவள் நான்தான். இனிமேல் தினமும் உன் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கப்பலில் ஆளுக்கு இவ்வளவுதான் என்று டேட்டாவை அளந்து கொடுத்தார்களாம். வீடியோ கால் அதை ஒரே வாயில் விழுங்கிவிடும், ரேடியோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடிக்கும் என்று நீ எனக்கு விளக்கினாய். ஆகவே எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு மற்ற நாளெல்லாம். இந்தப் பங்கீட்டை நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். போனை வைத்த பிறகு பாத்திரங்களைக் கழுவிய கழுவில் இரண்டு தட்டு நெளிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், நீ என்ன பேசுவாய்? அந்தம்மா இன்று இதைச் சொல்லிச்சு, அந்தம்மா நேற்று அதைச் சொல்லிச்சு. ராயபுரம் பக்கம் நல்ல மழையாமே என்பாய். காசிமேட்டில் இன்று வஞ்சிரம் நிறைய வந்திருக்காமே என்பாய். நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்பதைக்கூட, எந்தக் கடலிலோ மிதந்துகொண்டு நீ எனக்குச் சொல்வாய். குடத்தோடு காத்திருந்து ஏமாந்தவள் நான். சேதி சொல்வது மட்டும் அவள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "அவ உனுக்கு இன்னாதான் வேணும்?" என்று கேட்டேவிட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு வானத்துக்கு ஏறி இறங்கி என்னிடம் வந்து சேர்வதற்குள் நான் அடுத்த சண்டையை ஆரம்பித்திருந்தேன். "அடிப் போடி, குரலுக்குப் போயி சண்ட போடுற" என்றாய். குரலைத் தவிர எனக்கு மட்டும் அங்கே வேறு என்ன இருந்தது? நானும் உனக்கு வெறும் குரல்தானே. நெட் இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோன குரல்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் என்னவெல்லாம் செய்வேன் தெரியுமா? எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களை இறுக்கிச் சாத்துவேன். கன்டெய்னர் லாரிகள் ஹார்பருக்குள் போக வரிசையில் நின்று ஹாரன் அடிக்குமே, அது உள்ளே வரக்கூடாது. ஃபேனை நிறுத்துவேன். குக்கர் வைக்கமாட்டேன். உன் மகளை வாய் திறக்காமல் உட்கார வைப்பேன். பக்கத்து வீட்டு சாந்தாவிடம், அவர் பேசுற நேரம், மிக்ஸி போடாதே என்று முன்கூட்டியே சொல்லிவைப்பேன். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிற பேச்சு, ஒரு வார்த்தையும் வீணாகக்கூடாது என்று வியர்க்க வியர்க்க அந்த அறையில் உட்கார்ந்திருப்பேன். நீ கொஞ்ச நேரத்தில் பேச்சு ஓடாமல் சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாய். உன் மனசு ரேடியோவுக்குப் போய்விட்டது என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அப்புறம் ஒருநாள் நீ கேபினில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். கரைக்கு வரக் கப்பலுக்கு நேரமில்லை. உன்னைப் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். காரியமெல்லாம் முடிந்தபின் உன் கப்பல் சமையல்காரர், அந்தத் தூத்துக்குடித் தம்பி, உன் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நீ எப்படி இருந்தாய், கடைசியில் ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் சொல்லலைக்கா. நான் போய்ப் பார்க்கும்போது காதுல ரேடியோ ஓடிட்டு இருந்துச்சு" என்றார்.

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம். கடைசியாக உன் காதில் விழுந்தது அவள் குரல் என்பதைத் தவிர, அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. உன்னைப் பறிகொடுத்த துக்கத்துக்குப் பக்கத்திலேயே இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் மகளை விட்டு அவள் விலாசத்தை விசாரித்து, ராயபுரத்துக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. இருபது வயதில் ஒரு சிங்காரி கதவைத் திறப்பாள் என்று பார்த்தால், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு என் வயசில் ஒருத்தி வந்து நின்றாள். வீட்டு முன்னறைதான் அவளுடைய ரேடியோ நிலையம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். பின்னால் ரோட்டைப் பார்த்த பெரிய ஜன்னல், அகலத் திறந்து கிடந்தது. மீன்பாடி வண்டியும் ஷேர் ஆட்டோவும் பேச்சும் ஏச்சும் அந்த அறைக்குள்ளேயே நடப்பதுபோல் இருந்தது.

தினமும் கப்பலிலிருந்து அவள் ரேடியோவைக் கேட்ட நீ இறந்துவிட்டதைச் சொன்னேன். யாரென்று புரிந்ததும், "ஐயோ, கப்பல்கார அண்ணனா?" என்று உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் என்றுதான் சொன்னாள். அதிலும் எனக்குச் சமாதானம் இல்லை. அவள் அழுததுகூடப் பிடிக்கவில்லை. என் அழுகையில் பங்கு கேட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள். "மொதல்ல ஜன்னல சாத்திகினுதான் பேசுவேன் கா. ஒரு நாளு பேனு ரிப்பேரு, வேர்த்து ஊத்துதுன்னு தொறந்தேன். அன்னிக்குதான் அண்ணன் மெசேஜ் போட்டாரு, இனிமே அத்த மூடாதீங்கோன்னு. ஒரே ஹாரன் சத்தமா கீதுன்னு மத்தவங்கல்லாம் திட்டுனாங்கோ. அண்ணனுக்காவ நான் மூடவே இல்ல. வூட்டுக்குப் பேசுனா ஆஸ்பத்திரிக்குப் பேசுற மாதிரி கீது, அவ்ளோ அமைதின்னு எழுதியிருந்தாரு. பாவம் அவ கஷ்டப்பட்டு சத்தம் இல்லாம பண்றா, அவ கைல எப்டி சொல்றதுன்னாரு."

ஆக, நீ அவளைக் கேட்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஊரைத்தான் கேட்டாய். இது தெரிந்தால் என் வயிறு குளிர வேண்டும், இல்லையா? குளிரவில்லை. இன்னும் மோசமாக எரிந்தது. உனக்கு என்ன வேண்டும் என்பதை அவளிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. என் மனசு நோகும் என்று நீயே நினைத்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டு ஊரான் வீட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜன்னல் என்ன, கதவையே கழற்றி வைத்திருப்பேன். போனை எடுத்துக்கொண்டு போய் லாரிகளுக்கு நடுவிலேயே நின்று பேசியிருப்பேன். சாந்தாவை மிக்ஸியோடு கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன். உனக்கு நல்லது செய்யத் தெரியாதவளா நான்?

கிளம்பும்போது அவள் டீ கொடுத்தாள். குடித்தேன். நாளைக்கு புரோகிராமில் உனக்காக இரண்டு வார்த்தை பேசப்போவதாகச் சொன்னாள். "மெசேஜ்ல கப்பல்காரன்னுதான் போடுவாரு, நானும் இவ்ளோ நாளா கப்பல்கார அண்ணன்னே சொல்லிகினு இருந்துட்டேன். அவர் பேர் இன்னா கா?" என்று கேட்டாள்.

உன் பொழுதெல்லாம் அவளிடம் போயிருந்தது. உன் ஏக்கம் போயிருந்தது. உன் கடைசி நிமிஷமும் போயிருந்தது. பேர் மட்டும் அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கப்பல்காரருன்னே சொல்லு, போதும்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

தினமும் வாய்விட்டு உன் பேரைச் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில்கூட அதை எழுதவில்லை, கவனித்தாயா? யார் கண்ணிலாவது பட்டு, அவள் காதுக்குப் போய்விட்டால்?